கொழுந்து செம்பாகும் நேரம்: பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தால் என்ன வேலை?

[காட்சி: கோத்தகிரி. பனிமூட்டம் விலகாத காலை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கைகள்.]

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரே கேள்விதான். "கெமிஸ்ட்ரி எடுத்தா டீச்சர் வேலையை விட்டா வேற என்ன இருக்கு?" என் அப்பாவும் கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது, வாருங்கள். அப்பா கொழுந்து போடும் பேக்டரியிலிருந்தே தொடங்கலாம்.

[காட்சி: இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. உருளைகள். பச்சைத் துகள் கொட்டுகிறது.]

பறித்த கொழுந்தை முதலில் வாட வைப்பார்கள். அப்புறம் இந்த உருளைகளில் விட்டு நசுக்குவார்கள். இலை முழுதாக இருக்கும்வரை அதிலுள்ள கேட்டச்சின்கள் என்ற துவர்ப்புப் பொருள்களும், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் செல்லுக்குள் தனித்தனி இடத்தில் இருக்கும். நசுங்கியதும் இரண்டும் கலந்துவிடும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேரும். பச்சை செம்பு நிறமாவது அப்போதுதான். தியாஃப்ளேவின் என்ற நிறமி உருவாகி டீக்குப் பளிச்சென்ற நிறமும் நாக்கில் நிற்கும் சுவையும் தருகிறது. தியாரூபிஜின் என்ற இன்னொரு நிறமி சாயத்தை அடர்த்தியாக்குகிறது.

பேக்டரியில் இதை ஃபெர்மென்டேஷன் என்பார்கள். ஆனால் தோசை மாவு புளிப்பதைப் போல நுண்ணுயிர் செய்யும் வேலை இல்லை இது, முழுக்க ஆக்சிஜனேற்றம். நேரம் தாண்டிவிட்டால் தியாஃப்ளேவின் குறைந்து டீ சப்பென்று ஆகிவிடும். சரியான நிமிடத்தில் டிரையருக்குள் அனுப்பினால் சூட்டில் நொதி செயலிழந்துவிடும், ஈரப்பதமும் சுமார் 3 சதவீதத்துக்கு இறங்கும். குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை கூடுவதிலும் குறைவதிலும் அந்த நிமிடத்துக்குப் பங்குண்டு. ஒரு வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று கல்லூரியில் வினைவேகவியலில் படிப்பது இதைத்தான்.

தைலம் காய்ச்சுவதிலும் கெமிஸ்ட்ரிதான். தைல மர இலையில் இருக்கும் சினியோல் என்ற எண்ணெய்ப் பொருள் தனியாகக் கொதிக்க 176 டிகிரி வேண்டும். நீராவியோடு விட்டால் 100 டிகிரிக்குக் கீழேயே வந்துவிடும். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களின் ஆவியழுத்தம் கூடிக்கொள்வதுதான் காரணம்.

கார்டைட் என்ற வெடிமருந்தின் பெயரைத் தாங்கிய அருவங்காடு தொழிற்சாலை, 1907-இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டியர் நிறுவனம், ஒரு காலத்தில் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து மலேரியா மருந்தான குயினைன் எடுத்த நடுவட்டம். இந்த மலையில் நூறு வருடத்துக்கும் மேலாக வேதியியல் சோறு போட்டிருக்கிறது.

[காட்சி: கல்லூரி ஆய்வகம். ப்யூரெட்டிலிருந்து சொட்டு விழுகிறது.]

சரி, படிப்புக்கு வருவோம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலேயே வேதியியல் துறை இருக்கிறது. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மருந்துக்கடைப் பலகையில் 'கெமிஸ்ட்' என்று எழுதியிருப்பதை நம்பி இந்தப் படிப்பில் சேர வேண்டாம். கடை நடத்த டி.பார்ம். அல்லது பி.பார்ம். வேண்டும், அது வேறு படிப்பு.

பி.எஸ்சி. முடித்ததும் கிடைக்கக்கூடிய வேலைகளில் ஒன்று மருந்து நிறுவனங்களின் குவாலிட்டி கண்ட்ரோல், அதாவது தரப் பரிசோதனை. மாத்திரையில் மருந்து சொன்ன அளவு இருக்கிறதா என்று கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் பார்க்க வேண்டும். குடிநீர், உணவு, சாயம், சிமென்ட் என்று ஆய்வகம் உள்ள எல்லா இடத்திலும் இதே போன்ற வேலை உண்டு. பி.எட். சேர்த்தால் பள்ளி ஆசிரியர். அதுவும் நல்ல வேலைதான், அதைக் குறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

ஆராய்ச்சி ஆசை இருந்தால் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சியாளர் இடம் கிடைத்தால், பிஎச்.டி. ஆராய்ச்சிக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. காரைக்குடியில் மின்வேதியியல், சென்னையில் தோல் என்று மத்திய ஆய்வு நிறுவனங்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. வீட்டில் பணக் கஷ்டம் என்று மேற்படிப்பை விடுகிறவர்களுக்கு இந்த உதவித்தொகையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். என் முதல் நேர்காணலில், 250 மில்லி 0.1 மோலார் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்கு எத்தனை கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு கிராம் என்றேன். "எடை போட்டுக் கரைச்சா அப்படியே நம்பலாமா?" என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. நம்ப முடியாது. அது காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். செறிவு தெரிந்த ஆக்சாலிக் அமிலக் கரைசலோடு சொட்டுச் சொட்டாக வினைபுரிய விட்டு அளக்கும் டைட்ரேஷன் செய்துதான் சரியான செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும். மழைக்கால ஊட்டியில் மூடியைத் திறந்து வைத்தால் அந்த சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் பளபளவென்று ஈரமாவதை மூன்று வருடமும் கண்ணால் பார்த்தவன் நான். ஏன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அதனால் ரெக்கார்டு நோட்டை சீனியரிடம் வாங்கிப் பார்த்து எழுதாதீர்கள். பிப்பெட்டை நீங்களே பிடியுங்கள்.

ஜாம் எழுத நினைக்கிறவர்கள் கவனியுங்கள்: தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கிலேயே வந்துவிடும். மூன்றாம் வருடம் தொடங்கும்போதே தயாராக இருங்கள்.

பிளஸ் டூ தம்பி தங்கச்சிகளே, இந்த லீவில் அப்பாவோடு பேக்டரிக்குப் போனால், அனுமதி கேட்டு அந்த உருளைப் பக்கம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பச்சைத் துகள் செம்பாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.