எந்திரிங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம். நம்ம பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல மாணவர் மனநலம் பத்தி பேசச் சொன்னாங்க. மனநலம்னாலே நாம உடனே கவுன்சிலர், யோகா, போஸ்டர் போட்டின்னு போயிடுறோம், வேணும்தான், ஆனா அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு. இது என் ஸ்கூல், இங்க நான் நானா இருக்கலாம்னு பிள்ளைக்குத் தோணுதா?

பைசா (PISA)ன்னு 15 வயசு பசங்களுக்கு பல நாடுகள்ல டெஸ்ட் வைக்கிறாங்கல்ல, அதுல கணக்கு வாசிப்போட சேத்து, ஸ்கூல்ல தனியா விடப்பட்ட மாதிரி இருக்கா, மத்தவங்களுக்கு உன்னப் புடிக்குமான்னும் கேக்குறாங்க. நம்ம ராங்க் கார்டுல இதுக்கு ஒரு கட்டம் உண்டா?

சரி, நம்ம கிளாஸ் ரூமுக்கு வருவோம். ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வருது. வாத்தியார் கெட்டவரெல்லாம் இல்ல, அவசரம், நாளைக்கு கடைசி தேதி. "எஸ்சி பசங்க எல்லாம் எந்திரிங்கப்பா." அவ்ளோதான். ஆறு பேரு எந்திரிக்கிறான், ஏழாவது ஒருத்தன் ஷூ லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சுக்கிறான். அந்தப் பையனுக்கு வரவேண்டிய பணமும் போச்சு, எந்திரிச்சவங்களுக்கு மத்தியானத்துல இருந்து பக்கத்துல உக்காந்தவன் பார்வையே வேற.

இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2023 ஆகஸ்ட்ல திருநெல்வேலி பக்கம் நாங்குநேரில என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், பிளஸ் டூ படிக்கிற பையன், கூடப் படிச்சவங்க சாதி சொல்லிக் குடுத்த தொல்லை தாங்காம ஸ்கூலுக்கு வர்றதையே நிறுத்திட்டான், வெளிய சொன்னதுக்கு வீடு புகுந்து வெட்டுனாங்க, தடுக்கப்போன தங்கச்சிக்கும் வெட்டு. அந்தப் பையன் அடுத்த வருஷம் 600க்கு 469 வாங்கினான். அதைக் கொண்டாடுனோம், சந்தோஷம்தான். ஆனா அவன் லீவு போட ஆரம்பிச்சப்பவே ஏன்டா வரலன்னு பக்கத்துல உக்காந்து கேக்க ஒரு ஆள் இருந்திருக்கணும்ல?

அதுக்கப்புறம் ஸ்கூல்ல சாதிப் பிரிவினையைத் தடுக்க என்ன பண்ணலாம்னு சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில அரசு ஒருநபர் குழு போட்டாங்க, 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. சாதியைக் காட்ட கையில கட்டுற கலர் கயிறுக்குத் தடைங்கிறது மட்டும்தான் டிவில பெருசா ஓடுச்சு, நமக்கும் அதான் வசதி, பசங்க கையில இருக்கறதை அறுத்துட்டா முடிஞ்சுதுல்ல. அதே அறிக்கையில அட்டெண்டன்ஸ்ல சாதி இருக்கக்கூடாது, ஸ்காலர்ஷிப் விஷயத்தை ஹெச்.எம். தனியா கூப்பிட்டுத்தான் சொல்லணும்னு இருக்கு, அதை யாரு படிச்சோம்?

பெத்தவங்களையும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. 2022 செப்டம்பர்ல காலை உணவுத் திட்டம் வந்துச்சு, பசங்க ஒண்ணா உக்காந்து உப்புமா சாப்பிடுறாங்க. சமைக்கிற அம்மா என்ன சாதின்னு பாத்து என் பிள்ளை அங்க சாப்பிடாதுன்ன ஊரும் இருக்கு, 2023ல பேப்பர்லயே வந்துச்சு. அப்படிச் சொன்னது பிள்ளைங்க இல்லீங்க.

அப்புறம் டாய்லெட். பொம்பளப் பிள்ளைங்க காலையில இருந்து தண்ணியே குடிக்காம சாயங்காலம் தலைவலியோட வீட்டுக்கு வருதுங்க. தண்ணி குடிங்கன்னு பெல்லெல்லாம் அடிக்கிறோம், கதவுல தாழ்ப்பா இல்லைன்னா எந்தப் பிள்ளைங்க குடிக்கும்?

நம்ம பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பெற்றோர்தான் இருக்கணும், பாதிப்பேர் பெண்களா இருக்கணும்னு 2009 கல்விச் சட்டமே சொல்லுது. அதனால இன்னைக்கே ரெண்டு தீர்மானம் எழுதிடலாம், தாழ்ப்பா ஒண்ணு, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் இனிமே ஹெச்.எம். ரூம்லதான்னு ஒண்ணு. நோட்டை இப்படிக் குடுங்க, முதல் கையெழுத்து நான் போடுறேன்.