3 படி, 500 படி

வணக்கம். ஒரு படிக்கட்டிலிருந்து தொடங்குகிறேன்.

பிரான்ஸில், மோன் பிளாங் மலையடிவாரத்தில் சாமொனி என்று ஓர் ஊர். அங்கிருந்து குட்டி ரயிலில் ஏறிப்போய் மேர் தெ கிளாஸ் என்கிற பனியாற்றைப் பார்ப்பது நூறு வருடத்துக்கும் மேலான வழக்கம். ரயிலடியிலிருந்து பனிக்கு இறங்க 1988-இல் தொங்கு ஊர்தி போட்டார்கள். அதிலிருந்து 3 படி இறங்கினால் பனிக்கட்டி. அப்புறம் பனி உருகித் தாழத் தாழ, படிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 500-ஐத் தாண்டியது. எந்த ஆண்டில் பனி எந்த மட்டத்தில் இருந்தது என்று வழியில் பலகைகள் வேறு. மூச்சு வாங்க நிற்கும்போது கண்ணில் படாமல் போகாது. 2024-இல் பனி மிச்சமிருக்கிற இடமாகப் பார்த்து, இன்னும் மேலே தள்ளிப் புது ஊர்தி வந்துவிட்டது.

பனியாற்றை உருக்கியது அங்கே வந்த பயணிதான் என்று நான் சொல்லவில்லை. அது உலகமே சேர்ந்து விட்ட புகை. ஆனால் பனி விலக விலக நாம் துரத்திக்கொண்டே போகிறோமே, அந்தத் துரத்தலுக்கு ஆகும் செலவைத்தான் பேச வந்தேன்.

செயற்கைப் பனியை எடுத்துக்கொள்ளுங்கள். பனிச்சறுக்கு விளையாடும் சரிவுகளின் ஓரத்தில் பீரங்கி மாதிரி இயந்திரங்கள் நிற்கும். தண்ணீரை நுண்துளியாகப் பீய்ச்சும். குளிரில் அது உறைந்து விழும். 1 கன மீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 2 கன மீட்டர் பனி. ‘உருகி மறுபடி ஆற்றுக்குத்தானே போகிறது?’ என்பார்கள். சரி, போகிறதுதான். எடுப்பது எப்போது? ஓடைகள் மெலிந்து கிடக்கும் குளிர்காலத்தில். அதனால் முன்கூட்டியே சேமிக்க மலைமேல் குளம் வெட்டுகிறார்கள். பிரான்ஸின் லா க்ளுசாஸ் என்கிற பனிச்சறுக்கு ஊரில் அப்படி ஒரு குளத்துக்காகக் காட்டில் கைவைக்கப் போனபோது எதிர்ப்புக் கிளம்பியது. 2022-இல் நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்தது. இன்னொரு வேடிக்கை, குளிர் போதாவிட்டால் இந்த இயந்திரமும் கைவிரித்துவிடும்.

கருங்காட்டுக்கோழி என்று சொல்லலாம், அப்படி ஒரு பறவை இந்த ஆல்ப்ஸ் மலைகளில் உண்டு. குளிர்காலத்தில் பனிக்குள் வளை தோண்டி, பொழுதின் பெரும்பகுதி அதற்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். கிடைக்கிற ஊசியிலை இரையில் சத்து குறைவு. அசையாமல் இருந்தால்தான் கட்டுப்படியாகும். தடத்தை விட்டு விலகிச் சறுக்கி வருகிற ஒருவர் போதும், பதறிப் பறந்துவிடும். சேர்த்து வைத்த சூடெல்லாம் போச்சு.

பயணியால் வெளியாகும் கரிப்புகையில் பெரும்பங்கு மலையில் அல்ல, மலைக்கு வரும் வழியில் ஏறுகிறது. சுவிட்சர்லாந்தின் செர்மாட் என்கிற மலையூரில் பெட்ரோல் கார் ஓடாது. காரைக் கீழே தெஷ் ஊரில் விட்டுவிட்டு ரயிலில் ஏற வேண்டும். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. தெஷ் ரயிலடியை ஒட்டி இருக்கிற வாகன நிறுத்தம்தான் ரொம்பப் பெரிது.