ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்து: ராயல்டி யாருக்குப் போகிறது?

[காட்சி: தி. நகர், மதிய நேரம், கூட்டம் நிறைந்த ஓட்டல்]

நீங்கள் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறீர்கள். தலைக்கு மேலே ஸ்பீக்கரில் ஒரு பழைய பாட்டு. அந்தப் பாட்டுக்காக ஓட்டல்காரர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அதிலிருந்து பாட்டை உருவாக்கியவர்களுக்குப் போகும் பங்குதான் ராயல்டி. வீட்டில் கேட்பதற்குக் காசு கொடுத்தது வேறு, வியாபாரம் நடக்கும் இடத்தில் போடுவது வேறு. கல்யாண ஊர்வலத்துக்கும் அதை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் சட்டம் விலக்கு தருகிறது, ஓட்டலுக்குத் தருவதில்லை.

சரி, "ஒரே பாட்டுக்கு ஏன் இரண்டு இடத்திலிருந்து வந்து கேட்கிறார்கள்?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. நம் காதுக்கு அது ஒரு பாட்டு. சட்டத்தின் கண்ணில் பாடல் வரி தனி, மெட்டு தனி, ஸ்டூடியோவில் பதிவான ஒலி தனி. வரிக்கும் மெட்டுக்கும் வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ்., பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் 1969-இல் தொடங்கிய சங்கம். ஒலிப்பதிவுக்கு ஆடியோ கம்பெனிகளோ அவர்கள் சார்பில் பி.பி.எல். போன்ற அமைப்புகளோ வசூலிக்கின்றன.

[காட்சி: ஒரு நூறு ரூபாய்த் தாள், மெதுவாகப் பிரிகிறது]

வரிக்கும் மெட்டுக்கும் வந்த தொகையில், நிர்வாகச் செலவு போக 100 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையை வாங்கி வைத்திருக்கும் கம்பெனிக்கு 50. பாடலாசிரியருக்கு 25, இசையமைப்பாளருக்கு 25. பாட்டை இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருந்தால் ஆளுக்கு 12 ரூபாய் 50 காசு.

இந்த 25 சும்மா வந்துவிடவில்லை. சினிமாப் பாட்டுக்கு முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மொத்தமாக ஒரு தொகை, ஒரு கையெழுத்து, அதோடு கதை முடிந்தது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது பாட்டின் உரிமையையே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் ராயல்டியில் உள்ள சம பங்கை எழுதிக் கொடுக்க முடியாது; ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தாலும் செல்லாது. படம் தியேட்டரில் ஓடும்போது மட்டும் இந்தப் பங்கு கிடையாது. பாடகர்களுக்கும் அதே திருத்தம் ராயல்டி உரிமை கொடுத்தது. 2013-இல் அவர்களும் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள்.

இவ்வளவு இருந்தும் பணம் தவறிப்போகிற இடம் ஒன்று இருக்கிறது. எனக்கு மனசு கேட்காத இடமும் அதுதான்.

[காட்சி: வியாசர்பாடி, மாடி அறை, ஒரு மைக், ஒரு லேப்டாப்]

ஒரு கானா பாடகரை நினைத்துக்கொள்ளுங்கள். நண்பர் இறந்த வீட்டில் விடிய விடியப் பாடிய பாட்டு. வரி அவருடையது, மெட்டும் அவருடையது. யாரோ பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். படிவத்தில் 'பாடகர்' என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. 'பாடலாசிரியர்', 'இசையமைப்பாளர்' என்ற இரண்டு கட்டங்களிலும் 'பாரம்பரியம்' என்று அடித்துவிடுகிறார்கள். பாரம்பரியத்துக்கு வங்கிக் கணக்கு கிடையாதே! எழுதியவர் உயிரோடு அதே தெருவில் இருக்கிறார். அவருடைய 25-உம் 25-உம் அவரைத் தேடி வராது.

ஏனென்றால் பங்கு பிரிப்பது பெயரைப் பார்த்துத்தான். எஃப்.எம். நிலையங்கள் எந்தப் பாட்டை எத்தனை தடவை போட்டோம் என்று பட்டியல் கொடுக்கின்றன. அது சங்கத்தின் பதிவேட்டோடு ஒத்துப்போனால் பணம் நகரும். ஓட்டலில் யாரும் அப்படி எழுதி வைப்பதில்லை, அதனால் அங்கே வசூலாகும் பணத்துக்கும் பெரும்பாலும் ரேடியோ, டிவி பட்டியல்தான் அளவுகோல். பட்டியலில் 'எஸ். குமார்', பதிவேட்டில் 'குமார் எஸ்.' என்றிருந்தாலே கம்ப்யூட்டர் தடுமாறும். இதற்காகத்தான் ஒவ்வொரு உறுப்பினருக்கும் உலகம் முழுக்கச் செல்லும் ஓர் எண் கொடுக்கிறார்கள், ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாக இன்னொரு எண்.

[காட்சி: நோட்டுப் புத்தகத் தாள், பேனா]

அதனால் சினிமாவுக்கு வெளியே சொந்தமாக இன்டி பாட்டு செய்யும் தம்பி தங்கைகளே, ரெக்கார்டிங் முடிந்து டீ குடிக்கக் கிளம்பும் முன் ஒரு தாளை எடுங்கள். பாட்டின் பெயர், தேதி. வரி யார், எத்தனை சதவீதம். மெட்டு யார், எத்தனை சதவீதம். பாடியது யார், வாசித்தது யார். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், போனில் ஒரு படம் எடுத்து குரூப்பில் போடுங்கள். பாட்டு ஹிட்டான பிறகு இந்தத் தாளை எழுதுவது மிகவும் கஷ்டம்.