சிவப்பு மூக்கும் ஒரு பள்ளிக்கூடமும்: அன்னி ஃபிராதெல்லினி

நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்சில் 1970களின் கடைசி வரைக்கும் சர்க்கஸ் வேளாண்மை அமைச்சகத்தின் பொறுப்பில்தான் இருந்தது. குதிரை, சிங்கம், யானை எல்லாம் இருக்கிற இடம். ஆகவே கால்நடைகளைக் கவனிக்கிற துறையே இதையும் கவனிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கூடாரத்துக்குள் கயிற்றில் நடந்தவர்களும் மரத்தூளில் விழுந்து புரண்டு நம்மைச் சிரிக்க வைத்தவர்களும் கலைஞர்கள் என்று அரசாங்கக் கோப்பில் ஏறுவதற்கு அவ்வளவு காலம் பிடித்தது. அப்படி ஏறியதில் ஒரு கோமாளிக்கும் பங்கு உண்டு. பெயர் அன்னி ஃபிராதெல்லினி. பிரான்சில் சிவப்பு மூக்குக் கோமாளியாகப் பெயர் பெற்ற முதல் பெண் என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

ஃபிராதெல்லினி என்ற பெயரின் கனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் ஃபிளாரன்ஸிலிருந்து கிளம்பிய சர்க்கஸ் குடும்பம் அது. கூடாரம் எங்கே நின்றதோ அங்கே பிள்ளை பிறக்கும். பால் 1877இல் சிசிலித் தீவின் கத்தானியாவில் பிறந்தார். ஃபிரான்சுவா 1879இல் பாரிஸில். கடைக்குட்டி ஆல்பர்ட் 1886இல் மாஸ்கோவில். மூத்த அண்ணன் லூயி 1909இல் இறந்துபோக, மிச்சமிருந்த மூவரும் ஒன்றாகச் சேர்ந்து கோமாளிக் குழு ஆனார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் இருந்த மெத்ரானோ சர்க்கஸில் அவர்கள் ஆடியபோது ஊரே திரண்டது. எழுத்தாளர்களும் ஓவியர்களும் அவர்களுடைய ஒப்பனை அறையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கவிஞர் ழான் கோக்தோ 1920இல் தன் மேடை நிகழ்ச்சி ஒன்றில் நடிக்க அவர்களையே அழைத்துக்கொண்டார்.

அந்த மூவரில் ஒருவரான பாலின் மகன் விக்தோர். விக்தோரின் மகள் அன்னி. 1932 நவம்பர் 14ஆம் தேதி அல்ஜியர்ஸ் நகரில் பிறந்தார்.

இப்படியொரு வீட்டில் பிறந்த பெண் கோமாளியானதில் என்ன ஆச்சரியம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த வீட்டில் பிள்ளைகள் எல்லாருக்கும் எல்லா வித்தையும் சொல்லிக்கொடுப்பார்கள். கரணம் போடுவது, சமநிலை, இசைக்கருவிகள் எல்லாம் பெண் குழந்தைக்கும் உண்டு. கோமாளி வேஷம் மட்டும் கிடையாது. அது ஆண்களின் சொத்து. அப்பனுக்குப் பிறகு மகன், அண்ணனுக்குப் பக்கத்தில் தம்பி என்று போகும்.

இது அந்தக் குடும்பத்தின் வழக்கம் மட்டுமில்லை. சர்க்கஸில் பெண் என்றால் குதிரை மேல் நிற்பாள், ஊஞ்சலில் பறப்பாள், கம்பி மேல் நடப்பாள். மின்னுகிற உடை போட்டுக்கொண்டு அழகாக இருப்பாள். உயிரைப் பணயம் வைக்கிற வித்தைக்குப் பெண்ணை அனுப்பத் தயங்காத சர்க்கஸ் முதலாளிகள், அவளை அசிங்கமாகவும் அசடாகவும் காட்டத் தயங்கினார்கள். நாற்பதடி உயரத்தில் ஒரு பெண் கை நழுவினால் கூட்டம் பதறும். தரையில் வாழைப்பழத் தோல் வழுக்கி அவள் விழுந்தால் கூட்டம் சிரிக்காது என்று நம்பினார்கள். நாடகப் பயிற்சிகளில் இன்றும் இதை நான் பார்க்கிறேன். அழச்சொன்னால் எல்லாப் பெண்களும் அழுவார்கள். முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு நடக்கச் சொன்னால், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று சிலர் கண்ணில் ஒரு தயக்கம் வந்துவிடும். ஆண் பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் வருவதில்லை. அன்னி உடைத்தது எதை என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அவருக்கு முன்னால் யாருமே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். ஓவியர் துலூஸ்-லோத்ரெக் 1895இல் வரைந்த ஷா-யு-காவ் என்ற பெண் கோமாளியின் படம் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு, ஒப்பனை அறையில், தன் உடையைச் சரிசெய்துகொண்டிருப்பார். அதே காலத்தில் அமெரிக்காவின் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ், எவெட்டா மாத்யூஸ் என்ற பெண்ணைக் கோமாளியாக விளம்பரம் செய்தது. இங்கிலாந்தில் கோமாளிக் குடும்பத்தில் பிறந்த லூலூ ஆடம்ஸ் அப்பாவின் வழியில் வந்தார். ஆனால் இவர்களெல்லாம் தனித்தனி விதிவிலக்குகளாகவே நின்றுபோனார்கள். ஒருவரைப் பார்த்து அடுத்தவர் வரும்படி வழி திறக்கவில்லை.

சரி, அன்னியின் கதைக்கு வருவோம். பதின்வயதிலேயே மெத்ரானோவில் இறங்கினார். உருளும் பெரிய பந்தின் மேல் நின்றுகொண்டு இசைக்கருவி வாசிக்கிற வித்தை அவருடையது. கால் பந்தைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், வாசிப்பில் தாளம் தப்பக்கூடாது. கைதட்டல் வாங்கினார். ஆனாலும் அந்த வாழ்க்கை அவருக்குப் பிடிக்கவில்லை. வளர்ந்ததும் சர்க்கஸை விட்டு வெளியே போய்விட்டார். ஜாஸ் இசை, பாட்டு, மியூசிக் ஹால், பிறகு சினிமா. இயக்குநர் பியேர் கிரானியே-தெஃபேரை மணந்தார். வலேரி என்ற மகள் பிறந்தாள். 1960இல் லூயி மால் இயக்கிய படம் ஒன்றில் நடித்தார். சர்க்கஸ்காரர் பேத்தி என்பது பழைய கதை ஆகிவிட்டது.

இந்த இடத்தில் பியேர் எதெக்ஸ் வருகிறார். சிரிப்புப் பட இயக்குநர் ழாக் தாத்தியிடம் உதவியாளராக இருந்து சிரிப்பு நுணுக்கம் கற்றவர், குறும்படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். சினிமாக்காரர்தான், ஆனால் சின்ன வயதிலிருந்தே சர்க்கஸ் பைத்தியம். கோமாளிகளைத் தெய்வமாக நினைத்தவர். அவர் 1969இல் எடுத்த படத்தில் அன்னி கதாநாயகியாக நடித்தார். அதே ஆண்டு இருவருக்கும் திருமணமும் நடந்தது. சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்த பெண் சர்க்கஸை விட்டு ஓடிவந்திருக்கிறார். வெளியே பிறந்த மனிதர் உள்ளே போகத் துடித்துக்கொண்டிருக்கிறார். உனக்குள் ஒரு கோமாளி இருக்கிறார் என்று அவரை வற்புறுத்தி ரிங்குக்குத் திருப்பி அழைத்தவர் எதெக்ஸ்தான்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட வேஷம் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஐரோப்பிய சர்க்கஸில் கோமாளிகள் ஜோடியாக வருவார்கள். ஒருவர் வெள்ளைக் கோமாளி: முகம் முழுக்க வெள்ளை மாவு, கூம்புத் தொப்பி, ஜிகினா உடை, நிமிர்ந்த நடை. எல்லாம் தெரிந்தவர். இன்னொருவர் ஓகுஸ்த்: சிவப்பு மூக்கு, தொளதொள கோட்டு, காலுக்குப் பொருந்தாத பெரிய ஷூ. சொன்னதைச் சொன்னபடி செய்யத் தெரியாதவர். நம் கவுண்டமணி செந்தில் ஜோடியை நினைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று பிடிபட்டுவிடும். திட்டுகிறவர் இல்லாமல் திட்டு வாங்குகிறவருக்குச் சிரிப்பு இல்லை.

பழைய கோமாளி ஆட்டங்களில் தேனீ ஆட்டம் என்று ஒன்று உண்டு. வெள்ளைக் கோமாளி ஓகுஸ்தை நாற்காலியில் உட்கார வைத்து, நீதான் ராணித் தேனீ, நான் வேலைக்காரத் தேனீ, நான் பறந்துவிட்டு வந்ததும் எனக்குத் தேன் கொடு என்று கேள் என்பார். பறந்து போகிற சாக்கில் வாய் நிறையத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வருவார். ஓகுஸ்த் ஆசை ஆசையாகத் தேன் கேட்டதும் முகத்தில் அவ்வளவு தண்ணீரும் கொட்டும். ஆட்டம் இதோடு முடிவதில்லை. சொட்டச் சொட்ட நிற்கிற ஓகுஸ்த்துக்கு ஒரு யோசனை வரும்: இதை நாம் இன்னொருவரிடம் செய்து பார்ப்போமே. அவரும் வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வருவார். எதிராளி கேட்க வேண்டியதைக் கேட்காமல் வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருப்பார். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, பதில் சொல்ல முடியாமல், கையைக் காலை ஆட்டி ஓகுஸ்த் தவிக்கிற அந்த நேரம்தான் ஆட்டத்தின் உயிர். கடைசியில் நனைவதும் அவரேதான். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். எத்தனை நொடி தவிக்கலாம், எந்த நொடியில் கூட்டம் சலித்துப்போகும் என்பது உடம்புக்குள் கடிகாரம் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

பெண் கோமாளி வரட்டும் என்று சம்மதித்தவர்கள்கூட அவருக்கு வெள்ளைக் கோமாளி வேஷத்தைத்தான் கொடுத்திருப்பார்கள். அழகான உடை, கம்பீரம், பெண்ணுக்கு ஒத்துவரும். அன்னி அதை எதெக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, தான் ஓகுஸ்த் ஆனார். அந்த மூக்கும் கோட்டும் ஷூவும் போட்டபின் வந்திருப்பது ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. நடிகையாகத் திரையில் பார்த்த முகத்தை முழுக்க மறைத்துக்கொள்ள அவர் கூச்சப்படவில்லை. தாத்தா வீட்டில் கற்ற இசை இப்போது கை கொடுத்தது. சாக்ஸபோனும், கான்செர்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியமும் அந்தக் கோமாளியின் கையில் தடுமாறும், திடீரென்று ஒரு நல்ல மெட்டு எழும்பும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அமைதியாகிவிடுவார்கள். ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவரால்தான் ஒழுங்கில்லாமலும் வாசிக்க முடியும். 1970களின் தொடக்கத்தில் இந்த ஜோடி பிண்டர் சர்க்கஸோடு ஊர் ஊராகச் சுற்றியது.

இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினி 1970இல் கோமாளிகளைப் பற்றி ஒரு படம் எடுத்தார். அதற்காகப் பாரிஸ் வந்தபோது எதெக்ஸ், அன்னி வீட்டுக்கும் வருகிறார். ஃபிராதெல்லினி சகோதரர்கள் ஆடிய பழைய படச்சுருள் ஒன்றைப் போட்டுக் காட்ட எதெக்ஸ் முயல்கிறார். புரொஜெக்டரில் படம் சிக்கி எரிந்து போகிறது. பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. கோமாளிக் கலை செத்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே போகிற படம் அது. அந்தக் காட்சியும் அதற்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. ஃபெல்லினி மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த அறையிலேயே அதற்கான பதில் உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தோன்றும்.

ஏனென்றால் அன்னி அடுத்துச் செய்த காரியம் அப்படி. 1974இல் அவரும் எதெக்ஸும் சேர்ந்து பாரிஸில் தேசிய சர்க்கஸ் பள்ளியைத் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் நடிகை சில்வியா மோன்ஃபோரும் சர்க்கஸ்காரர் அலெக்ஸி கிரூஸும் இன்னொரு பள்ளியைத் தொடங்கினார்கள். மாஸ்கோவில் 1927இலிருந்தே அரசாங்கத்தின் சர்க்கஸ் பள்ளி இருந்தது. மேற்கு ஐரோப்பாவில் இந்த வித்தையை வெளியாளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இல்லை. குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குடும்பத்தில் பெண்ணெடுக்க வேண்டும். தொலைக்காட்சி வந்து கூட்டம் குறைந்த காலம் வேறு. அன்னி முதன்முதலில் ஆடிய மெத்ரானோ கட்டடத்தையே அந்த ஆண்டுகளில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டே இருந்தால் வித்தையும் அவர்களோடு போய்ச் சேர்ந்துவிடும் என்ற நிலைமை.

அன்னியின் பள்ளியில் ஆசாரி மகனும் சேரலாம், ஆசிரியை மகளும் சேரலாம். கரணம், கம்பி, ஊஞ்சல், பந்து வீசிப் பிடித்தல், இசை, நடனம் எல்லாம் பாடம். பள்ளியோடு சேர்த்துப் புதிய பாரிஸ் சர்க்கஸ் என்ற பெயரில் ஒரு கூடாரமும் நடத்தினார். மாணவர்கள் அங்கே அனுபவசாலிகளோடு மக்கள் முன்னால் ஆடிப் பழகினார்கள். கூடாரத்துக்கு வெளியே நின்று கற்கிற வித்தை இது இல்லை. விளக்கு வெளிச்சமும் மரத்தூள் வாசனையும் கூட்டத்தின் மூச்சும் சேர்ந்துதான் சொல்லிக்கொடுக்கும் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பெண்களுக்கு மறுத்த வேஷத்தைத் தான் எடுத்துக்கொண்டதோடு நிறுத்தியிருந்தால் அவரும் ஷா-யு-காவ், எவெட்டா வரிசையில் இன்னொரு விதிவிலக்காக நின்றிருப்பார். தான் நுழைந்த கதவைத் திறந்தே வைத்தாரே, அதற்காகத்தான் இன்று அவரைப் பற்றிப் பேச வந்தேன்.

பலன் வந்தது. அரசாங்கம் சர்க்கஸைப் பண்பாட்டு அமைச்சகத்துக்கு மாற்றியது. 1985இல் ஷாலோன் நகரில் தேசிய சர்க்கஸ் கலை மையத்தை அரசே அமைத்தது. விலங்குகள் இல்லாமல், நாடகமும் நடனமும் கலந்த புதிய சர்க்கஸ் என்று இன்று உலகம் கொண்டாடுகிற அலையில், பள்ளிகளில் படித்து வந்த இந்தத் தலைமுறை நிறைய இருக்கிறது.

அன்னி கடைசிவரை ரிங்கை விடவில்லை. எதெக்ஸுக்குப் பிறகு வெள்ளைக் கோமாளியாக அவர் எதிரில் வந்து நின்றது மகள் வலேரி. அம்மா ஓகுஸ்த், மகள் வெள்ளைக் கோமாளி. ரிங்கில் மகள் அதட்ட, அம்மா முழிப்பார். அப்பனும் மகனும் அண்ணனும் தம்பியுமாகவே ஆடிவந்த ஒரு பெயரில், இரண்டு பெண்கள்.

1997 ஜூலை 1ஆம் தேதி அன்னி புற்றுநோயால் காலமானார். 64 வயது. பள்ளி நிற்கவில்லை. 2003இல் பாரிஸை ஒட்டிய சேன்-தெனியில், மரத்தால் கட்டிய பெரிய கூடாரங்களோடு, ஃபிராதெல்லினி அகாதமி என்ற பெயரில் புது இடத்துக்குப் போனது. பல நாட்டு இளைஞர்கள் அங்கே தொழில் பழகுநர்களாகச் சேர்ந்து படிக்கிறார்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் வகுப்புகள் நடக்கின்றன. பையன்களும் பெண்களும் ஒன்றாகவே கரணம் போடப் பழகுகிறார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அனைவருக்கும், பேச அழைத்த நிலையத்தாருக்கும் நன்றி. வணக்கம்.