பொங்கலோடு வரும் ராணுவ தினம்

ஊராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் பொறுப்பில் இருக்கும் நண்பர்களே, வணக்கம்.

ஜனவரி 15 ராணுவ தினம். நம் ஊர்க் காலண்டரில் அது தைப்பொங்கலாகவோ மாட்டுப்பொங்கலாகவோ இருக்கும். அலுவலகத்துக்கு விடுமுறை என்பதால் அந்த நாள் சத்தமில்லாமல் கடந்துபோகிறது. ஆனால் லீவு கிடைத்த சிப்பாய் ஊரில் இருப்பதும் அன்றுதான். ஊர்ப் படைவீரர்களைப் பாராட்டி, அவர்கள் பெயர் பொறித்த கல்வெட்டைத் திறக்கக் காலை எட்டு மணிக்கு அரைமணி நேரம் போதும், மாடு குளிப்பாட்டப் போவதற்கு முன்பே முடித்துவிடலாம்.

நோட்டீஸில் 'ராணுவம் தோன்றிய நாள்' என்று அச்சடிக்காதீர்கள். 1949 ஜனவரி 15 அன்று ஜெனரல் பிரான்சிஸ் ராய் புச்சரிடமிருந்து கே.எம். கரியப்பா தலைமைத் தளபதி பொறுப்பை ஏற்றார். அந்தப் பதவி முதன்முறையாக ஓர் இந்தியர் கைக்கு வந்த நாள் அது. நீலகிரி வெலிங்டனில் பயிற்சி மையம் வைத்திருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் வரலாறு 1758-லேயே தொடங்கிவிடுகிறது. 191 ஆண்டு முந்தைய கணக்கை நாமே அழித்துவிடக் கூடாது.

வேலையை, படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் டிசம்பர் 7 கொடிநாளிலேயே தொடங்குங்கள். உண்டியல் வசூலை ஒப்படைக்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஆள் போகும்போது, உங்கள் ஊர்ப் படைவீரர் பட்டியலையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதில் பதிவு செய்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். அதனால் வார்டு வாரியாக வீடு வீடாகவும் விசாரிக்க வேண்டும். படை எண், பெயர், பதவி, பிரிவு, பணிக்காலம் எல்லாவற்றையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை (பணி முடிந்து வரும்போது ராணுவம் தரும் ஆவணம்) பார்த்து எழுதுங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். மரியாதை என்று நினைத்து ஹவில்தாரை அதைவிட உயர்ந்த சுபேதார் ஆக்கிக் கல்லில் வெட்டிவிடுகிறார்கள். அவர் உழைத்துப் பெற்ற பதவி ஹவில்தார், அதுதான் அவருக்குப் பெருமை. சிஆர்பிஎஃப் (மத்திய ரிசர்வ் போலீஸ் படை), எல்லைப் பாதுகாப்புப் படை இரண்டும் ராணுவம் அல்ல, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அந்த வீரர்களையும் அழையுங்கள், ஆனால் தனித் தலைப்பில் எழுதுங்கள்.

உயிர்நீத்தவரின் மனைவியோ பெற்றோரோ அவருடைய பதக்கங்களை அணிந்து வந்தால், அவை வலப்பக்க மார்பில் இருக்கும். பணியாற்றியவர் தாமே அணிவது இடப்பக்கம். விவரம் தெரியாத தொண்டர் யாராவது 'மாற்றிக் குத்துங்கள்' என்று சொல்லிவிட்டால் அந்த அம்மாவின் மனம் என்ன பாடுபடும்! வரவேற்பில் நிற்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்தக் குடும்பத்துக்கு முதல் வரிசையில் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற நாற்காலிகளைப் போட வேண்டும்.

அதிகம் தவறு நடப்பது கல்வெட்டுத் திறப்பில்தான். கல்லை மூவர்ணக் கொடியால் மூடிவைத்து இழுத்துத் திறக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டுக் கொடி விதித்தொகுப்பு இதைத் தடை செய்கிறது. கொடி தனியாக, எடுப்பாகத் தெரிய வேண்டும். கல்லை மூட வெறும் துணி போதும். மேடையில் கம்பத்தில் வைத்தால், கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பேச்சாளருக்கு வலப்புறம் வையுங்கள். ஏற்றும் கொடிக்குள் பூவிதழ் வைக்கலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் அள்ளித் திணித்து இறுக்கிக் கட்டினால் கயிற்றை இழுத்ததும் முடிச்சு சிக்கிக்கொள்ளும். ஒரு கைப்பிடி இதழ் போதும். முந்தின நாளே கயிற்றை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

மேடையில் போட்ட சால்வையோடு காரியம் முடிந்துவிடாது. ஊராட்சிகளில் ஜனவரி 26 கிராம சபை பதினொரு நாள் தள்ளி வருகிறது. ஏழு நாள் முன்பே போகும் அறிவிப்பில் இந்தப் பாராட்டையும் ஒரு பொருளாகச் சேருங்கள். 'படைவீரர்களைச் சபை பாராட்டுகிறது' என்று ஒற்றை வரியில் முடிக்காமல், சரிபார்த்த பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் தீர்மானத்துக்குள் எழுதிச் சத்தமாகப் படியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பாராட்டு அடுத்த நிர்வாகத்துக்குத் தெரியாமலே போகும். கூட்டம் முடிந்ததும் நகலெடுத்துக் கையெழுத்தும் முத்திரையும் இட்டு, அந்த வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மகன் எல்லையில் இருந்தால் வாங்கிவைக்க அம்மா இருப்பார்.