ஸ்டார் ட்ரெக்கும் மறந்துபோன கருவிகளும்

நண்பர்களே, வணக்கம்.

ஒரு தொடரில் லாஜிக் இடிக்கிறது என்று குற்றம் சாட்டுவதற்கு முன்னால், எதையெல்லாம் குற்றப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று பார்த்துவிடலாம். வெற்றிடத்தில் வெடிச்சத்தம் எப்படிக் கேட்கும்? ஒளியைவிட வேகமாகக் கலம் எப்படிப் போகும்? இவை இயற்பியல் கேள்விகள். தொடரின் முதல் அரை மணி நேரத்திலேயே "இங்கே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டார்கள், நாமும் சரி என்று உட்கார்ந்துவிட்டோம். அதற்கு அப்புறம் அதைப் பிடித்துத் தொங்குவதில் நியாயமில்லை.

ஓட்டை என்பது வேறு. கதை தானே போட்ட விதியைத் தானே மீறினால் அது ஓட்டை. கையில் இருக்கிற கருவியை, அது தேவைப்படும் அதே நேரத்தில் அத்தனை பேரும் மறந்துவிட்டால் அதுவும் ஓட்டை. இரண்டாவது வகைதான் தொடர்களில் மிக அதிகம். அந்த வகையைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். உதாரணத்துக்கு அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக் போதும். 1966 முதல் 1969 வரை 79 அத்தியாயங்கள், அதன் பிறகு வரிசையாக வாரிசுத் தொடர்கள். இவ்வளவு நீளமாக ஓடிய கதையில் இல்லாத வகை ஓட்டை கிடையாது.

முதலில் டிரான்ஸ்போர்ட்டர். மனிதரை ஓரிடத்தில் கரைத்து இன்னோரிடத்தில் உருவாக்கும் கருவி. இது பிறந்ததற்குக் காரணம் அறிவியல் ஆசை அல்ல, பணம். ஒவ்வொரு வாரமும் பெரிய கலத்தைக் கிரகத்தில் இறக்கிக் காட்டத் தொலைக்காட்சி பட்ஜெட் தாங்காது. ஆட்களை மினுமினுவென்று மறையவைத்தால் செலவும் குறைவு, கதையும் சட்டென்று நகரும். ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு. ஆபத்து வந்தால் ஒரே நொடியில் மேலே தூக்கிவிடலாம் என்றால் ஆபத்து ஏது? ஆகவே வாராவாரம் எழுத்தாளர் அந்தக் கருவியைக் கெடுக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் அயனிப் புயல் வரும். இன்னொரு வாரம் தகவல் கருவியை எதிரி பிடுங்கிக்கொள்வான். மற்றொரு வாரம் பாறையில் ஏதோ தாது இருக்கும். கொடுத்த கருவியைக் கதைக்குள்ளேயே முடக்கிக் காட்டுகிறார்களே, அது ஓட்டை ஆகாது. அலுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

1966 அக்டோபரில் வந்த 'தி எனிமி விதின்' அத்தியாயத்தைப் பாருங்கள். டிரான்ஸ்போர்ட்டர் பழுதாகி, என்டர்பிரைஸ் கலத்தின் கேப்டன் கிர்க் இரண்டாகப் பிரிகிறார். ஒருவர் சாது, மற்றவர் முரடர். கருவியைச் சரிசெய்யும்வரை யாரையும் மேலே கொண்டுவர முடியாது. கீழே கிரகத்தில் சுலு என்ற அதிகாரியும் சில வீரர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 120 டிகிரிவரை இறங்கும் இடம் அது. அவர்கள் ஆயுதத்தால் பாறையைச் சூடாக்கி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கிற எவருக்கும் தோன்றும் கேள்வி: தரையிறங்கும் சிறு கலமான ஷட்டிலை அனுப்பி அழைத்து வந்தால் என்ன?

விடை கதையில் இல்லை, தச்சுப் பட்டறையில் இருக்கிறது. அந்த அத்தியாயம் எடுக்கப்பட்டபோது ஷட்டில் கலமே கட்டப்படவில்லை. பொம்மை மாடல் தயாரிக்கும் ஏ.எம்.டி. நிறுவனம், மாடல்களை விற்கும் உரிமைக்கு ஈடாக, முழு அளவு ஷட்டிலைச் செய்துகொடுத்தது. அது திரையில் முதலில் வந்தது 1966 நவம்பர் 17 அன்று, 'தி மெனாஜரி' அத்தியாயத்தின் முதல் பாகத்தில். ஆக, அக்டோபரில் ஓட்டை இல்லை. நவம்பரில், பின்னோக்கி விழுந்தது. நெடுந்தொடர்களுக்கே உரிய விசித்திரம் இது. இன்று புதிதாக ஒரு கருவியைக் கொடுத்தால், அது நேற்று வந்த கதையையும் ஓட்டையாக்கிவிடும்.

ஆனால் அதே அத்தியாயத்தில் ஷட்டிலைச் சாக்காகச் சொல்ல முடியாத இன்னொரு விஷயம் இருக்கிறது. சூடேற்றும் கருவிகளை டிரான்ஸ்போர்ட்டரில் அனுப்பிப் பார்த்தோம், அவையும் இரண்டாகப் பிரிந்து வேலை செய்யாமல் போய்விட்டன என்று ஒரு வரி வருகிறது. நல்ல வரி. எழுத்தாளர் யோசித்திருக்கிறார். அடுத்த படியை ஏன் யோசிக்கவில்லை? இயந்திரம் இரண்டாகப் பிரிந்தால் ஓடாது, சரி. கனமான கூடாரத்துக்கும் கம்பளி உடைக்கும் ஓட வேண்டிய பாகம் எதுவும் கிடையாதே! நல்ல கூடாரம் ஒன்று, கெட்ட கூடாரம் ஒன்று என்று பிரிந்து போனாலும், கெட்ட கூடாரமும் குளிரைத் தடுக்கும். இதுதான் சுத்தமான ஓட்டை.

இங்கே ஒரு சோதனையைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டை என்று ஒன்று தென்பட்டதும் மூன்றைக் கேளுங்கள். அந்தத் தீர்வு அந்தப் பாத்திரத்துக்கு, அந்த நிமிடத்தில் தெரியுமா? தெரியாது என்றால் ஓட்டை இல்லை. நமக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியும் என்றால், ஒரே ஒரு வசனத்தால் அடைக்க முடியுமா? "காற்று பலமாக இருக்கிறது, ஷட்டில் இறங்க முடியாது" என்ற மாதிரி. முடிந்தால் அது சோம்பல். முடியாது என்றால் கடைசிக் கேள்வி: அடைத்தால் கதையே நடக்காமல் போய்விடுமா? ஆம் என்றால், கதையே அந்த ஓட்டையின் மேல்தான் நிற்கிறது.

அப்படி நிற்கும் கதை 1967-இன் 'கோர்ட் மார்ஷல்'. புயலின்போது கிர்க் அவசரப்பட்டு ஒரு ஆராய்ச்சிக் கூண்டைக் கழற்றிவிட்டதால் ஃபின்னி என்ற அதிகாரி இறந்தார் என்று வழக்கு. ஆதாரம், கணினிப் பதிவு. அந்தப் பதிவில் கேப்டன் நாற்காலியின் கைப்பிடியை அருகில் காட்டுகிறார்கள். மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை, கூண்டைக் கழற்றிவிடு என்று மூன்று பொத்தான்கள் அடுத்தடுத்து இருக்கின்றன! மூடி இல்லை, பூட்டு இல்லை. எச்சரிக்கை மணிக்குப் பக்கத்தில் ஆளைக் கொல்லும் பொத்தானை வைத்த வடிவமைப்பாளர் மேல் அல்லவா வழக்குப் போட்டிருக்க வேண்டும்?

சரி, ஃபின்னி சாகவில்லை, கலத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறார் என்று சந்தேகம் வருகிறது. எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எல்லோரையும் கலத்திலிருந்து இறக்கிவிட்டு, மிச்சமிருக்கிறவர்களின் இதயத் துடிப்பை ஒலிவாங்கியால் பெருக்கி, டாக்டர் மெக்காய் ஒவ்வொரு துடிப்பாக நீக்குகிறார். மிஞ்சுகிற துடிப்பு ஃபின்னியுடையது. காட்சி அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே கலம் சுற்றுப்பாதையில் இருந்துகொண்டே கீழே உயிர்கள் இருக்கின்றனவா என்று உணர்கருவியால் சொல்லும் கலம். தன் வயிற்றுக்குள் இருப்பவரை எண்ணத் தெரியாதா? உணர்கருவியைப் போட்டால் ஒரு நிமிடத்தில் வழக்கு முடிந்துவிடும். அதனால்தான் யாருக்கும் அது ஞாபகம் வருவதில்லை.

இதற்கு மேல் ஒரு கணக்கு வேறு. ஒலியை எவ்வளவு பெருக்குகிறார்கள் என்று கிர்க் விளக்கும்போது, ஒன்றின் நான்காம் அடுக்கு என்கிறார். ஒன்றை நான்கு முறை பெருக்கினாலும் ஒன்றுதான். பெருக்கியே இல்லை! பத்தின் நான்காம் அடுக்கு என்றிருந்தால் பத்தாயிரம் மடங்கு. ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்துபோகும் பிழை. மூன்று கேள்விச் சோதனையில் இது சோம்பல் வகையைக்கூடத் தொடாது, வெறும் கவனக்குறைவு.

எண் என்று வந்துவிட்டதால் வேகத்துக்குப் போகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பழைய தொடரின் எழுத்தாளர் கையேட்டில் வார்ப் வேகத்துக்கு, அதாவது ஒளியைத் தாண்டிய வேகத்துக்கு, வாய்பாடு உண்டு. எண்ணின் கனம்தான் ஒளியின் எத்தனை மடங்கு என்பது. வார்ப் 2 என்றால் 8 மடங்கு, வார்ப் 4 என்றால் 64, வார்ப் 8 என்றால் 512. இப்போது 1969-இல் வந்த 'தட் விச் சர்வைவ்ஸ்'. கலம் 990.7 ஒளியாண்டு தூரத்துக்குத் தூக்கி எறியப்படுகிறது. வார்ப் 8.4-இல் திரும்புகிறார்கள். பதினொன்றரை மணி நேரத்தில் சேர்வோம் என்று அதிகாரி சொல்ல, 11.337 மணி என்று கிர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக் திருத்துகிறார். துல்லியம் போதவில்லையாம்!

போட்டுப் பாருங்கள். 8.4-இன் கனம் சுமார் 593. 990.7 ஒளியாண்டை 593-ஆல் வகுத்தால் 1.67 ஆண்டு, அதாவது இருபது மாதம். 11.337 மணியில் சேர ஒளியைவிட 7 லட்சத்து 66 ஆயிரம் மடங்கு வேகம் வேண்டும். அதற்கு வார்ப் 91-க்கு மேல் போக வேண்டும். மூன்று தசம இடங்கள் சரி, விடைதான் ஆயிரத்து முந்நூறு மடங்கு தவறு. துல்லியமாகச் சொல்லும் எண்ணைத்தான் பார்வையாளர் எடுத்துக் கணக்குப் போடுவார். "சில மணி நேரம்" என்றிருந்தால் ஒருவரும் பென்சிலை எடுத்திருக்க மாட்டார்.

இந்த எண் வேறொரு தொடரையே கவிழ்க்கிறது. 1995-இல் தொடங்கிய வாயேஜரில் கலம் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தொலைவில் சிக்குகிறது. திரும்ப 75 ஆண்டு ஆகும் என்பதுதான் கதையின் அடித்தளம். அதாவது ஒளியைப் போல 933 மடங்கு. 1987-இல் வார்ப் அளவுகோலையே மாற்றிவிட்டார்கள் என்பது உண்மை, ஆனால் ஒளியாண்டும் நாளும் மாறவில்லையே. ஸ்பாக்கின் கலம் அந்த ஒரு நாள் போன வேகத்தில் போனால் வாயேஜர் 33 நாளில் வீடு சேர்ந்திருக்கும். ஏழு சீசன் தேவைப்பட்டிருக்காது.

வாயேஜருக்குச் சொந்த ஓட்டையும் உண்டு. முதல் சீசனிலேயே தங்களிடம் 38 ஃபோட்டான் டார்பிடோக்கள் இருக்கின்றன, தீர்ந்தால் மாற்றில்லை என்று வாயாலேயே சொல்லிக்கொள்கிறார்கள். நாடகத்துக்கு நல்ல விதி, ஒவ்வொரு முறை சுடும்போதும் வலிக்கும். ஆனால் யாரும் எண்ணவில்லை. தொடர் முடிவதற்குள் 38-ஐத் தாராளமாகத் தாண்டிச் சுட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் அடைக்க வழி இருந்தது. ஐந்தாம் சீசனில் 'டெல்டா ஃப்ளையர்' என்று ஒரு புதுக் கலத்தையே உள்ளே கட்டுகிறார்கள், அது அழிந்ததும் மறுபடியும் கட்டுகிறார்கள். கலத்தைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு டார்பிடோ செய்யத் தெரிந்துவிட்டது என்று ஒரு வரி போதும். அந்த வரி வரவேயில்லை.

வாயேஜரில் சில காலம் வேலை பார்த்துவிட்டு வெளியேறிய ரொனால்ட் டி. மூர், 2004-இல் வந்த இன்னொரு விண்வெளித் தொடரான 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வில் இதற்கு நேர்மாறாகச் செய்தார். உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பலகையில் எழுதிவைக்கிறார்கள். '33' என்ற அத்தியாயம் ஒரு குழந்தை பிறந்து, எண்ணிக்கை 47,973 ஆவதோடு முடிகிறது. பின்னால் அந்த எண்ணைத் தலைப்புக் காட்சியிலேயே போட்டார்கள். இப்படிச் செய்துவிட்டால் எழுத்தாளர் மறக்க முடியாது. அத்தனை பேர் முன்னால் கணக்கு எழுதிக் காட்டியாயிற்றே.

முடிப்பதற்கு முன், ஓட்டையை அடைக்கும் முறை பற்றிக் கொஞ்சம். ஸ்டார் ட்ரெக்கில் வரும் கிளிங்கான் என்ற வேற்றுலக இனத்தாருக்கு அறுபதுகளில் வழுவழு நெற்றி, 1979 திரைப்படத்திலிருந்து மேடுபள்ள நெற்றி. காரணம் ஒப்பனைச் செலவு, வேறொன்றுமில்லை. 1996-இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற வாரிசுத் தொடரின் கதாபாத்திரங்கள் பழைய காலத்துக்குப் போய் அந்த வழுவழு நெற்றிகளைப் பார்த்துத் திகைக்கிறார்கள். கிளிங்கானான வோர்ஃப், அதைப் பற்றி வெளியாரிடம் பேசுவதில்லை என்று முடித்துவிடுகிறார். அரங்கம் சிரித்தது, ஓட்டை மூடியது. 2005-இல் 'என்டர்பிரைஸ்' தொடர் இதற்கே இரண்டு அத்தியாயம் ஒதுக்கி, மரபணுவை மாற்றும் கிருமி என்று விளக்கம் கொடுத்தது. விளக்கம் பிழையில்லை. ஆனாலும் வோர்ஃபின் அந்த ஒரு வரிதான் என் மதிப்பில் மேல்.

ரசிகர்கள் அடைக்கும் ஓட்டைகளை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். 1982 திரைப்படத்தில் வில்லன் கான், கிர்க்கின் கலத்தில் இருந்த அதிகாரி செக்காவின் முகத்தை அடையாளம் காண்கிறான். ஆனால் கான் வந்த 'ஸ்பேஸ் சீட்' 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. செக்காவ் தொடரில் சேர்ந்தது அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், இரண்டாம் சீசனில். ரசிகர்கள் விண்நாளை, அதாவது கதைக்குள் சொல்லும் தேதி எண்ணை, காட்டுகிறார்கள்: செக்காவ் வரும் 'கேட்ஸ்பா' 3018.2, 'ஸ்பேஸ் சீட்' 3141.9, ஆகவே செக்காவ் ஏற்கெனவே கலத்தில் இருந்தார் என்று. கெட்டிக்கார வாதம்தான். ஆனால் நான்கு இலக்கத்தில் எந்த எண்ணையும் போட்டுக்கொள்ளலாம் என்று அதே எழுத்தாளர் கையேடு சொல்கிறது. அப்படிப் போட்ட எண்ணைச் சாட்சியாக நிறுத்தினால் குறுக்கு விசாரணையில் நிற்காது.

கடைசியாக உங்களுக்கு ஒன்றை விட்டுவைக்கிறேன். கலத்தைச் சுற்றிப் பாதுகாப்பு ஆற்றல் கேடயம் போட்டிருக்கும்போது டிரான்ஸ்போர்ட்டர் வேலை செய்யாது என்பது பழைய தொடரிலிருந்தே விதி. 1992-இன் 'ரெலிக்ஸ்' அத்தியாயத்தில் ஒரு மாபெரும் கோளத்தின் கதவு மூடாமல் இருக்க, பொறியாளர்கள் ஸ்காட்டியும் லா ஃபோர்ஜும் ஜெனோலன் என்ற கலத்தைக் குறுக்கே நிறுத்தி, கேடயத்தால் கதவைத் தாங்குகிறார்கள். கேடயம் இறங்கினால் கதவு கலத்தை நசுக்கிவிடும். அந்த நிலையிலேயே இருவரையும் என்டர்பிரைஸ் கலம் டிரான்ஸ்போர்ட்டரில் எடுத்துவிடுகிறது. கதையைக் கெடுக்காமல் இதை ஒரே வசனத்தில் அடைக்க யாருக்காவது வழி தெரிந்தால், இப்போது கேள்வி நேரம், மைக் உங்களிடம் வரும்.