பீரோ சாவி யாரிடம்?

(கடலூரில் நடந்த தமிழாசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, கல்வித் துறையிலிருந்து வந்திருக்கும் அம்மையார் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த அன்பர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

தலைவர் ஐயாவிடம்தான் நான் பயிற்சி ஆசிரியராக இருந்து தொழில் கற்றேன். அவர் எதிரில் இன்றைக்கும் எனக்கு நாற்காலியின் நுனியில்தான் உட்கார வருகிறது. கல்வித் துறை அம்மையாருக்கு என் பேச்சில் சில இடங்கள் கசக்கும். அதிகாரி இருக்கும்போது புகழ்ந்துவிட்டு, அவர் கார் ஏறிய பிறகு குறை சொல்வது எனக்குப் பழக்கமில்லை, பொறுத்தருள வேண்டும். மாமன்ற உறுப்பினர் காலையில் இரண்டு திருமணம், ஒரு கிரகப்பிரவேசம் முடித்துவிட்டு வந்திருக்கிறார். பாகூர்ப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் புதுச்சேரி நண்பர்களுக்குத் தனி வணக்கம். போர்த்திய சால்வைகளுக்கு நன்றி. ஆனால் ஒரு சால்வையின் விலைக்குப் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம் ஏழெட்டு வரும் என்பதைக் கூட்டம் நடத்துபவர்கள் அடுத்த முறை நினைவில் வைக்க வேண்டும்.

மொழியைக் கற்பிப்பதில் பழைய முறை, புதிய முறை என்பது இன்றைய தலைப்பு. மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். திண்ணைப் பள்ளியில் எப்படிக் கற்பித்தார்கள் என்பது ஒன்று. புதிய முறைகள் என்ன கொண்டுவந்தன என்பது இரண்டு. செல்போனும் செயற்கை நுண்ணறிவும் வகுப்பறையை என்ன செய்யப் போகின்றன என்பது மூன்று. இந்த மூன்றுக்கும் என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான், அது ஔவை பெயரில் வழங்கும் வாக்கு: “சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.” இதை நான் சொல்லாத கூட்டமே இல்லை என்று என் வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

திண்ணையிலிருந்து தொடங்குகிறேன். மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைத்தார்கள். எழுதும்போதே அந்த எழுத்தை உரக்கச் சொல்ல வேண்டும். விரல், வாய், காது, கண் நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாக நின்று சொல்லிக் கொடுப்பான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, நிகண்டு என்று ஏறிப் போவார்கள்.

1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு. நம்மூரிலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் வருகிற அதே தரங்கம்பாடிதான். அவர் இலக்கணப் புத்தகத்தைத் தேடவில்லை. திண்ணைப் பள்ளி ஆசிரியரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்தார். பொடிப் பையன்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1715க்குள் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. செந்தமிழும் நாப்பழக்கம்! ஐரோப்பியனுக்கும் அதே விதிதான்.

இன்னொருவர் ஆண்ட்ரூ பெல். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு, அதையும் மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் வழியையும் தம் பள்ளியில் நடத்திப் பார்த்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது. நாமோ அதைப் பழைய பஞ்சாங்கம் என்று தள்ளிவிட்டு, இருநூறு ஆண்டு கழித்து ‘சக மாணவர் கற்றல்’ என்று பயிற்சி முகாமில் போய்க் கற்றுக்கொண்டு வருகிறோம். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதைத் தவிர அந்த முகாம்களைப் பற்றி நான் ஏதும் சொல்ல விரும்பவில்லை.

பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். ஆசிரியர் சொல்வதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல் இது! ஆசிரியர் எப்படிப் பாடம் சொல்ல வேண்டும்? “விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து, கொள்வோன் கொள்வகை அறிந்து.” அவசரப்படாதே, கோபப்படாதே, வாங்குகிறவனுக்கு எப்படி ஏறுமோ அப்படிக் கொடு. மாணவரை மையமாக வைத்த கல்வி என்று இன்று எதைச் சொல்கிறோமோ, அதற்கு இதைவிடச் சுருக்கமாக யாராவது எழுதிக் காட்டட்டும்.

உடனே திண்ணையைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டாம். அங்கே தண்டனையாகப் பிள்ளைகளைக் ‘கோதண்டம்’ என்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். பெண் பிள்ளைகளைப் பார்ப்பதே அரிது. சேரிப் பிள்ளைக்குத் திண்ணை ஏறவே வழியில்லை. அந்தத் திண்ணையை யாராவது திரும்பக் கேட்டால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

திருப்பாதிரிப்புலியூர் மடத்தின் தலைவராக இருந்த ஞானியார் அடிகளை இந்த ஊர் மேடையில் நினைக்காமல் இருக்க முடியாது. அவர் பேசத் தொடங்கினால் மணிக்கணக்கில் கூட்டம் கலையாது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புதுச்சேரி நண்பர்களுக்காக இன்னொரு பெயர்: பாரதிதாசன். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் 1909இல் தமிழாசிரியர் வேலைக்குப் போய், 1946வரை வகுப்பறையில் இருந்தவர். இருவருமே தமிழை வாயால் வளர்த்தவர்கள்.

அடுத்து, புதிய முறைகள். பெங்களூரிலும் சென்னையிலும் 1979 முதல் 1984 வரை ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளில் வல்லுநரான என்.எஸ். பிரபு ஒரு முயற்சி செய்தார். ஆங்கிலப் பாடத்தில் இலக்கணத்தை நேரடியாக நடத்தவில்லை. ரயில் அட்டவணையையோ ஊர் வரைபடத்தையோ கொடுத்து, ‘இந்த வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது’ என்கிற மாதிரி கணக்கைத் தீர்க்கச் சொன்னார். பிள்ளைகள் பதிலைத் தேடுவார்கள். அந்தத் தேடலில் மொழி ஒட்டிக்கொள்ளும். உலகம் முழுக்க மொழியாசிரியர்கள் அதைப் படிக்கிறார்கள்.

நம் தொடக்கப் பள்ளிகளுக்கு 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தது. இங்கே இருக்கும் பலர் அதில் உழைத்தவர்கள். பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணிப்படி, சின்னம் போட்ட அட்டைகள், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் தொங்கும் பிள்ளைகளின் படங்கள். ஆசிரியர் பாயில் உட்கார்ந்தார். அது பெரிய மாற்றம், மறுக்கவே முடியாது. ஆனால் அட்டையில் இருந்தது எத்தனை வரி? நான்கு, ஐந்து. அட்டையை முடித்த பிள்ளை அடுத்த அட்டைக்குத்தான் போனது, ஒரு முழுக் கதைக்குப் போகவில்லை. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்தோம். பாடல் இருக்கிறது, ஆடல் இருக்கிறது, மகிழ்ச்சி. நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய நூல்களும் வந்தன. அழகான நூல்கள், படமும் எழுத்தும் பிள்ளையை இழுக்கும். அவை உங்கள் பள்ளியில் இப்போது எங்கே இருக்கின்றன? சிரிக்கிறீர்கள். உங்களுக்கே தெரிகிறது.

பீரோவில் இருக்கின்றன. பீரோ பூட்டியிருக்கிறது. சாவி தலைமையாசிரியர் மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. அந்த இழுப்பறைக்கும் ஒரு பூட்டு.

ஏன் பூட்டினார்கள் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். தானே புயல் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கடலோரத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் எனக்கு மூத்த தமிழாசிரியை ஒருவர் இருந்தார். பிள்ளைகளுக்கு அவர் ‘பெரிய டீச்சர்’. வெள்ளிக்கிழமை மாலை ஆனால் பீரோவைத் திறந்துவிடுவார். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொண்டு, கோடு போட்ட நோட்டில் பிள்ளையே தன் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் எழுத வேண்டும். திங்கட்கிழமை வந்ததும் அந்தக் கதையை வகுப்பில் எழுந்து சொல்ல வேண்டும். திக்குவாய்ப் பையனும் சொல்வான். அவன் முடிக்கும்வரை டீச்சர் காத்திருப்பார். ‘வீட்டுக்கு அனுப்பாதீர்கள், நாளைக்குத் தணிக்கையில் கேட்பார்கள்’ என்று மற்றவர்கள் எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை. அந்த அரையாண்டு விடுமுறைக்கும் வீட்டுக்கு ஒன்றாகப் புத்தகங்கள் போயிருந்தன. அப்போது வந்தது புயல்.

பள்ளிக்கூடத்தின் ஓடுகள் பறந்தன. பீரோ நின்ற அறையில் இரவு பகலாக மழை இறங்கியது. பொங்கல் கழிந்து பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பெண் புத்தகத்தை அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் தவிடு. ஒரு பையனின் அப்பா, குடும்ப அட்டையோடு சேர்த்து அதையும் பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு புயல் காப்பகத்துக்கு ஓடியிருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சில வீடுகளே இல்லை, அந்த வீட்டுப் புத்தகங்களும் இல்லை.

பிறகு தணிக்கை வந்தது. தணிக்கையாளர் நல்ல மனிதர்தான், டீயும் வாங்கிக் குடிக்கவில்லை. “விடுபட்ட புத்தகங்கள் எங்கே?” என்றார். “புயலில் போய்விட்டன ஐயா.” “ஆதாரம்?” “வீடே போய்விட்டது ஐயா.” “வீடு போனதற்கு ஆதாரம் இருக்கிறது அம்மா, நிவாரணம் கொடுத்திருக்கிறார்கள். புத்தகம் போனதற்கு?” பெரிய டீச்சர் கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். அவர் தம் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “குடிசைக்கு இடம் இருக்கிறது, மாட்டுக்கு இடம் இருக்கிறது, தென்னைக்கு இருக்கிறது, புத்தகத்துக்கு இல்லையே டீச்சர்” என்றார். பத்து ரூபாய், பதினைந்து ரூபாய்ப் புத்தகங்கள். அதற்கு எத்தனை நடை, எத்தனை கடிதம்! கடைசியில் டீச்சர் கைக்காசைக் கட்டினார்.

கதை இன்னும் முடியவில்லை. பீரோவுக்குள் இருந்த புத்தகங்கள்? மழை நீரில் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாகக் காய்ந்திருந்தன. ஒரு பக்கத்தைக்கூடப் பிரிக்க முடியாது. தணிக்கையாளர் குனிந்து முதுகுப் பக்கத்தை எண்ணினார். இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப்போனது. பச்சை மையில் ‘இருப்பு சரி’ என்று எழுதினார். அரிசிப் பானையில் பிழைத்த புத்தகத்தில் ‘அட்டை சேதம்’ என்று எழுதினார்.

(அந்த மண்டபத்தில் இந்த இடத்தில் எழுந்த சிரிப்பு அடங்க நேரமானது. கல்வித் துறை அம்மையாரும் சிரித்தார் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.)

அன்றைக்கு அந்தப் பள்ளியில் எங்கள் எல்லோருக்கும் ஒரு பாடம் ஏறியது: பூட்டியவன் பிழைத்தான். இந்தப் பாடத்தை யாரும் முகாம் போட்டு நடத்தவில்லை. ஆனாலும் மாவட்டம் மாவட்டமாக எல்லா ஆசிரியர்களுக்கும் ஏறியிருக்கிறது. கால அட்டவணையில் நூலகப் பாடவேளை அச்சாகியிருக்கும். அந்த வேளையில் கணக்காசிரியர் உள்ளே நுழைவார். பத்தாம் வகுப்புத் தமிழில் நூறு மதிப்பெண்ணும் பேனா முனைக்குத்தான், நாக்குக்கு ஒன்றுகூட இல்லை. செந்தமிழும் நாப்பழக்கம் என்று சுவரில் எழுதி வைத்துவிட்டு, நாக்குக்குப் பழக எதையும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம். மணலோ அட்டையோ திரையோ, முறை எதுவானாலும் பிள்ளை வாய்விட்டுப் படிக்க அதன் கையில் ஒரு கதை வேண்டும். அது இல்லாமல் முறையை மட்டும் மாற்றுவது, அடுப்பை மாற்றிக்கொண்டே இருந்து உலையில் அரிசி போடாத சமையல்.

அம்மையார் அவர்களின் கவனத்துக்கு ஒன்று. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215, நூலகங்களைப் பற்றியது. ஓராண்டில் படிக்கக் கொடுத்த ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைந்தால் அது இயல்பான இழப்பு என்கிறது, நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இல்லாத வரையில். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால்தான் கட்டாயம் விசாரணை. பெரியவர்கள் உட்கார்ந்து படிக்கும் நூலகத்துக்கே இத்தனை தாராளம் என்றால், எட்டு வயதுப் பிள்ளை பையில் வைத்துச் சைக்கிளில் கொண்டுபோகும் பதினைந்து ரூபாய்ப் புத்தகத்துக்கு இன்னும் அதிகம் விட்டுக்கொடுக்க வேண்டாமா? கொடுத்ததில் நூற்றுக்குப் பத்து கிழியலாம், தொலையலாம், ஆசிரியர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று ஓர் ஆணை. அவ்வளவுதான் கேட்கிறேன். கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். அதற்கு அபராதம் போடும் நாட்டில் ஆண்ட்ரூ பெல் வந்தாலும் பீரோவைப் பூட்டிவிட்டுத்தான் போவார்.

மூன்றாவது செய்தி செல்போனைப் பற்றியது. தலைவர் ஐயா இரண்டாம் முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அவர் பார்த்தால் எனக்குக் குரல் தானாக இறங்கிவிடும். அதை வேறொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

வாசலில் மேசைமேல் இந்தக் கோரிக்கையை மனுவாக வைத்திருக்கிறோம். கையெழுத்தோடு பள்ளியின் பெயரையும் பதவியையும் எழுதுங்கள். ஓய்வு பெற்றவர்கள் ‘ஓய்வு’ என்று குறிப்பிட்டால் போதும். பணியில் இருப்பவர்கள் பெயர் போடத் தயங்கினால் தயங்கட்டும், யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். புதுச்சேரி நண்பர்களுக்கு அவர்கள் அரசின் முகவரியோடு தனி மனு நீல உறையில் இருக்கிறது. அவசரத்தில் மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். வாய்ப்பளித்தவர்களுக்கு நன்றி, வணக்கம்.